ஏஜென்ட் ஏன் வாய் திறக்கவில்லை?

(நியூ ஜெர்சியில் சித்திரைத் திருநாளையொட்டி நடந்த தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு வீட்டுச் சம உரிமைச் சட்டம். பாயசம் சாப்பிட்ட கையோடு கேட்கக்கூடிய தலைப்பா இது என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் இந்த அரங்கில் பாதிப் பேர் வீடு வாங்கியவர்கள், மீதிப் பேர் வாங்கப் போகிறவர்கள். அதனால் சட்டத்தை விட்டுவிட்டு ஒரு வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஓபன் ஹவுஸ். கணவனும் மனைவியும் போகிறார்கள். சமையலறை பார்த்தாயிற்று. பேஸ்மென்ட் பார்த்தாயிற்று. வாசல் கிழக்கா என்று கைப்பேசித் திசைகாட்டியை வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில் ஒருவர் ஏஜென்டை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்தி மூன்று கேள்வி கேட்கிறார். "ஏரியா நல்ல ஏரியாதானே? ஸ்கூல் எப்படி? நம்ம ஆளுங்க இருக்காங்களா?"

அதுவரை சமையல் மேடைக் கல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசிய மனிதர் சட்டென்று ஊமையாகிவிடுகிறார். "அதை நீங்களே விசாரித்துக்கொள்வது நல்லது" என்கிறார். காரில் ஏறியதும் அவருக்கு அர்ச்சனை தொடங்குகிறது. கமிஷன் வாங்கத் தெரிகிறது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? எதையோ மறைக்கிறானா? நம்மை மதிக்கவில்லையா?

ஏன் அந்த ஏஜென்ட் வாய் திறக்கவில்லை? இன்றைக்கு என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

நண்பர்களே, ஒரு காலத்தில் இதே ஏஜென்ட் நன்றாகவே வாய் திறந்தார். எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், யார் வரக்கூடாது என்று தயங்காமல் சொன்னார். பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் லபாடி அவென்யூ என்று ஒரு தெரு. அங்கே 1911இல் வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். கறுப்பினத்தாருக்கும் 'மங்கோலிய இனத்தாருக்கும்' வீடு கொடுப்பதில்லை, ஐம்பது ஆண்டுக்கு என்று. ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அந்தத் தெருவில் வீடு வாங்கியது. அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இப்படிப்பட்ட உடன்படிக்கைக்கு எந்த நீதிமன்றமும் துணை போகக்கூடாது. நன்றாகக் கவனியுங்கள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அமல்படுத்த எங்களிடம் வராதீர்கள் என்றது. ஆகவே எழுத்து நின்றபாடில்லை.

அது எங்கோ மிசௌரியில் என்று எண்ண வேண்டாம். நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கிருந்து தெற்கே போனால் வில்லிங்பரோ. ஒரு காலத்தில் அதன் பெயர் லெவிட்டவுன். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் குவித்த லெவிட் நிறுவனம் 1958இல் அங்கே விற்பனையைத் தொடங்கியது. கறுப்பினத்தாருக்கு விற்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது மத்திய அரசு. அதாவது எல்லோருடைய வரிப்பணமும் வேண்டும், எல்லோரும் வேண்டாம். 1960இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகே கதவு திறந்தது.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம் கறுப்பினத்தாரா, வெள்ளையரா என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வியை 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கேட்டது. பகத் சிங் திண்ட் வழக்கு. இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்றது தீர்ப்பு. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913 முதல் சட்டம் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அந்த மண்ணில் வியர்வை சிந்தி விவசாயம் செய்த பஞ்சாபிக்குத் தன் பெயரில் ஒரு காணி வாங்க வழியில்லை. அப்படி விவசாயம் பார்த்தவர்களில் ஒருவர் தலிப் சிங் சவுந்த். 1946இல்தான் இந்தியருக்குக் குடியுரிமை திறந்தது. 1949இல் அவர் குடிமகன் ஆனார். 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியுரிமை கிடைத்த ஏழாவது ஆண்டில் நாடாளுமன்றம்! குடியுரிமைக்கு முந்திய கால் நூற்றாண்டு தன் பெயருக்கு நிலமில்லை!

பிறகு வந்தது 1968. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் வீட்டு உரிமைக்காக ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்தது. சட்ட முன்வரைவு வாஷிங்டனில் இழுபறியாகவே கிடந்தது. 1968 ஏப்ரல் 4, கிங் மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 11, ஜனாதிபதி ஜான்சன் வீட்டுச் சம உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரே வாரம். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகிய நான்கைக் காட்டி யாருக்கும் வீடு மறுக்கக்கூடாது என்றது சட்டம். 1974இல் பாலினம் சேர்ந்தது. 1988இல் ஊனமும், குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்ற நிலையும் சேர்ந்தன.

இதோடு கதை முடிந்ததா? முடியவில்லை. 'உனக்கு வீடு இல்லை' என்று சொல்வது போயிற்று. சிரித்த முகத்தோடு வேறு ஊருக்கு அழைத்துப் போவது வந்தது. ஆளைப் பார்த்து ஊர் காட்டுவது. ரியல் எஸ்டேட் தொழிலில் இதற்கு 'ஸ்டீரிங்' என்று பெயர். யாரும் யாரையும் திட்டுவதில்லை. காபி கூட வாங்கிக் கொடுப்பார்கள். ஆனால் வெள்ளையருக்கு ஒரு பட்டியல், மற்றவருக்கு ஒரு பட்டியல்.

எல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். லாங் ஐலண்டில் நியூஸ்டே என்ற நாளிதழ் மூன்று ஆண்டு உழைத்து ஒரு விசாரணை நடத்தி 2019 நவம்பரில் வெளியிட்டது. ஒரே வருமானம், ஒரே தேவை, வேறு வேறு நிறம் கொண்டவர்களை வீடு வாங்குபவர்களாக அனுப்பியது. ரகசியக் கேமராவோடு! மொத்தம் 93 ஏஜென்டுகள். கறுப்பினத்தாருக்கு 49 சதவீதச் சோதனைகளில் பாகுபாட்டுக்கான சான்று கிடைத்தது. ஹிஸ்பானியருக்கு 39. ஆசியருக்கு 19. ஆசியர் என்றால் நாமும்தான். அதில் ஓர் ஏஜென்ட், பிரென்ட்வுட் என்ற ஊரைப் பற்றிக் கறுப்பின வாடிக்கையாளரிடம் 'அங்கே இருப்பவர்கள் தங்கமான மனிதர்கள்' என்கிற மாதிரிப் பேசினார். வெள்ளையரிடம் அதே ஊரில் ரவுடிக் கும்பல் கொலைகள் நடக்கின்றன என்று எச்சரித்தார். ஊர் ஒன்று. வாய் ஒன்று. காது மட்டும் வேறு.

இப்போது திரும்பி வாருங்கள் நம் ஓபன் ஹவுஸுக்கு. "நம்ம ஆளுங்க இருக்காங்களா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். இருக்கிறார்கள் என்று அவர் சொன்னால் என்ன? அடுத்து வருகிறவர், அங்கே இந்தியர்கள் அதிகமா என்று கேட்பார். அவர் கேட்பது வேறு எண்ணத்தோடு. அவருக்கும் அதே பதிலைச் சொல்லட்டுமா? உங்களுக்கு நல்ல சேதியாக இருக்கும் அந்தப் பதில், அவருக்கு விலகிப்போகக் காரணமாக இருக்கும். ஒரு கேள்விக்கு வாய் திறந்தவன் மற்றதற்கு மூட முடியாது.

"நல்ல ஏரியாவா?" என்பதும் அதே கதைதான். நல்ல ஏரியா, மோசமான ஏரியா என்ற சொற்களுக்குள் இந்த நாட்டில் எத்தனை ஆண்டுக்கால நிறக் கணக்கு ஒளிந்திருக்கிறது! 1930களில் வீட்டுக் கடனுக்கென்று அரசு நிறுவனமே நகரங்களுக்கு வண்ண வரைபடம் போட்டது. கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு. சிவப்பு என்றால் கடன் ஆபத்து. அந்தச் சாயம் இன்னும் முழுதாக வெளுக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியைப் பற்றிப் பேசாதே, குற்றத்தைப் பற்றிப் பேசாதே என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. ஆளைப் பார்த்து ஊர் காட்டாதே என்றுதான் இருக்கிறது. ஆனால் தன் அபிப்பிராயத்தைச் சொல்லப்போய் அது ஊர் காட்டுவதாக முடிந்துவிட்டால் ஏஜென்டின் உரிமம் போகும், வழக்கு வரும். ஆகவே நல்ல ஏஜென்ட் என்ன செய்வார்? போலீஸ் துறையைக் கேளுங்கள், பள்ளி மாவட்டத்தைக் கேளுங்கள் என்று வழி காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். என்னைக் கேட்டால், கேள்வி கேட்டவுடனே எல்லாவற்றையும் காதோடு சொல்லுகிற ஏஜென்டிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உங்கள் காதில் ஒன்று சொன்னவர், உங்களைப் பற்றி இன்னொருவர் காதில் என்ன சொல்லியிருப்பார்?

அதற்காக எல்லாவற்றுக்கும் வாய்ப்பூட்டு என்று எண்ண வேண்டாம். கூரை ஒழுகுவது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். வரி எவ்வளவு, ரயில் நிலையம் எத்தனை மைல் என்பதைச் சொல்லலாம். கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும் என்றால் தேடித் தரலாம், வாஸ்துவுக்குச் சட்டத்தில் தடையில்லை. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவிலுக்கு இருபது நிமிடத்துக்குள் வீடு வேண்டும் என்று நீங்களே எல்லை போட்டுக் கொடுங்கள். அது தூரக் கணக்கு. 'நம்ம ஆளுங்க இருக்கிற இடமாப் பாருங்க' என்பது ஆள் கணக்கு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ஏஜென்டோடு பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சரி. அவர் சொல்ல மாட்டார். அப்படியென்றால் யார் கண்டுபிடிப்பது?

ஊரில் நாம் எப்படி வீடு வாங்கினோம்? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். தாய்ப்பத்திரம் கேட்டோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தோம். டீக்கடையில் உட்கார்ந்து, மழை வந்தால் தண்ணி எங்கே நிற்கும் என்று கேட்டோம். கேட்டோமா இல்லையா? அப்படிப்பட்ட பரம்பரை இங்கே வந்ததும் ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை நட்சத்திரம் என்று செயலியைப் பார்த்துவிட்டு எட்டு லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போடுகிறது! வில்லங்கம் பார்க்க இங்கே டைட்டில் கம்பெனி இருக்கிறது, உண்மை. ஆனால் டைட்டில் கம்பெனி வேலிக்கு உள்ளே இருப்பதன் உரிமையை மட்டும் பார்க்கும். வேலிக்கு வெளியே?

வேலிக்கு வெளியே என்ன இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு உண்டு. வூர்ஹீஸ் என்ற ஊரில் 1980களில் புது வீடுகள் கட்டி விற்றார்கள். 150க்கு மேற்பட்ட குடும்பங்கள் வாங்கின. குடியேறிய பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் மூடப்பட்ட ஒரு பெரிய குப்பைக் கிடங்கு. கட்டியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அது தெரியும். சொல்லவில்லை. 1995இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வாங்கியவர்கள் பக்கம் நின்றது. வீட்டு மதிப்பைப் பாதிக்கிற அக்கம்பக்கத்து விஷயம் தெரிந்தால் வீடு கட்டி விற்பவர் சொல்லியே ஆகவேண்டும் என்றது.

கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அதே ஆண்டு சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. இப்படிப்பட்ட விஷயங்களின் பட்டியல் ஊராட்சி கிளார்க் அலுவலகத்தில் இருக்கும். புது வீட்டு ஒப்பந்தத்தில் அதைச் சொல்லி ஓர் அறிவிப்பு இருக்கும். போய்ப் பார்ப்பது வாங்குபவர் பாடு. பிடிக்கவில்லை என்றால் ஐந்து வேலை நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அறிவிப்பைக் கொடுத்தாயிற்றா, விற்பவர் கடமை தீர்ந்தது. இங்கே புது வீடு வாங்கியவர்கள் இருக்கிறீர்களே, அந்த அறிவிப்பில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். கிளார்க் அலுவலகத்துக்குப் போனவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

சிரிக்கிறீர்கள். ஒரு கையும் எழும்பவில்லை!

அடுத்து தண்ணீர். மேன்வில் உங்களுக்குத் தெரியும். ராரிட்டன் ஆறும் மில்ஸ்டோன் ஆறும் கூடுகிற இடம். 1999இல் ஃப்ளாய்ட் புயல், 2011இல் ஐரீன், 2021 செப்டம்பரில் ஐடா. மூன்று முறையும் வெள்ளம். ஆனால் வெள்ளம் வந்த வீடு என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி நியூ ஜெர்சியில் 2024 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்னால் வாங்கியவர்கள் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? கூட்டாட்சிப் பேரிடர் நிர்வாகம் வெள்ள வரைபடம் வைத்திருக்கிறது. விலாசத்தைப் போட்டால் காசில்லாமல் காட்டும். 'நூறாண்டு வெள்ளம்' என்று அதில் ஒரு பகுதி வரும். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே, நாம் என்ன நூறு வருஷமா இருக்கப்போகிறோம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. ஆண்டுதோறும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். முப்பது வருஷக் கடன் அடைவதற்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு.

வரைபடமும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஹூஸ்டனில் 1940களில் வெள்ளத் தடுப்புக்காக ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். பெரும்பாலும் வறண்டே கிடக்கும். நாளடைவில் தேக்கம் நிறைந்தால் தண்ணீர் ஏறக்கூடிய நிலத்திலேயே குடியிருப்புகள் எழும்பின. 2017இல் ஹார்வி புயல் வந்தது, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தாங்கள் ஏரிக்குள் குடியிருக்கிறோம் என்று பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏரிக்குள் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, 2015 டிசம்பர் வெள்ளம் போதும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர், கதிர்வீச்சுக் காட்டும் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அடித்தது. அணு உலை இன்னும் மின்சாரமே தரவில்லை. ஒருநாள் காலை வேலைக்கு உள்ளே வரும்போதே அலாரம் அடித்தது. அப்படியென்றால் கதிர்வீச்சு நிலையத்திலிருந்து வரவில்லை, அவர் வீட்டிலிருந்து வருகிறது! போய்ப் பார்த்தால் வீடு முழுக்க ரேடான் வாயு. நிறமில்லை, மணமில்லை. பாறையிலுள்ள யுரேனியத்திலிருந்து கசிவது. இந்த நாட்டில் புகைபிடித்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். அந்தப் பாறைத் தொடர் அங்கிருந்து நம் மாநிலத்தின் வடமேற்கு வழியாகப் போகிறது. வேடிக்கை என்னவென்றால் அவருடைய பக்கத்து வீட்டில் அவ்வளவு ரேடான் இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் 'எங்களுக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னதை நம்பி டெஸ்ட்டை விட்டுவிடாதீர்கள். அளவு லிட்டர் காற்றுக்கு நான்கு பிக்கோகியூரிக்கு மேல் போனால் விசிறி வைத்து வெளியேற்ற வேண்டும். அதற்கு வழி உண்டு, பயப்பட வேண்டாம்.

புதைந்த எண்ணெய்த் தொட்டி, 1978க்கு முந்திய வீட்டின் ஈயப் பெயின்ட், இதெல்லாம் உங்கள் இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டியவை. பார்த்தாரா என்று பார்ப்பது உங்கள் வேலை. கையெழுத்துப் போட்டபின் வழக்கறிஞர் பார்வைக்கு மூன்று வேலை நாள் இந்த மாநிலம் தருகிறது. அந்த மூன்று நாளைப் பலர் பால் காய்ச்ச நாள் பார்ப்பதிலேயே செலவழித்துவிடுகிறார்கள்.

பள்ளிக்கு வருவோம். மதிப்பெண் தளத்தில் பத்துக்கு ஒன்பது என்று இருக்கும். அந்த எண்ணில் பெற்றோரின் வருமானம் எவ்வளவு, வாத்தியாரின் உழைப்பு எவ்வளவு? பிரித்துச் சொல்ல அந்தத் தளத்தால் முடியாது. மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் அறிக்கை போடுகிறது, படியுங்கள். அதைவிட முக்கியம், இந்த விலாசம் எந்தப் பள்ளி எல்லைக்குள் வருகிறது என்று பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். எல்லை மாறப்போகிறதா என்றும் கேளுங்கள். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயர் அந்த விளம்பரத்துக்கு மட்டுமே சொந்தம்.

பிறகு, தெருவில் நடங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒருமுறை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். ஏஜென்ட் சொல்லத் தயங்குவதை அவர் தயங்காமல் சொல்வார். தண்ணீர், சத்தம், பார்க்கிங், நாய் என்று வரிசையாக வரும். அவர் உங்களிடம் பேசுகிற விதத்திலேயே இன்னும் சில சங்கதிகளும் உங்களுக்கு விளங்கும்.

இதுவரை நாம் வாங்குகிற பக்கம் நின்று பேசினோம். இனி சங்கடமான பக்கம். வீடு வாங்கியபின் நாம் என்ன செய்கிறோம்? மேல்மாடியையோ இரண்டாவது வீட்டையோ வாடகைக்கு விடுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வருகிறது. "இந்தியக் குடும்பத்துக்கு மட்டும்." "தமிழர்களுக்கு முன்னுரிமை." "குழந்தை இல்லாத தம்பதி நல்லது." நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். கட்டைவிரல் காட்டிவிட்டு நகர்ந்திருக்கிறோம்.

நண்பர்களே, இந்த மூன்று வரியும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானவை. முதல் இரண்டு பூர்வீக நாட்டைச் சொல்லி விலக்குவது, மூன்றாவது குழந்தையைச் சொல்லி விலக்குவது. நான் அதே வீட்டில் குடியிருக்கிறேன், சின்னக் கட்டடம், எனக்கு விலக்கு உண்டு என்று சிலர் வாதாடுவார்கள். நான்கு குடித்தனம் வரை உள்ள கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால் அப்படி ஒரு விலக்கு மத்தியச் சட்டத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது விளம்பரத்துக்குச் செல்லாது. இனத்தைக் காட்டி மறுத்தால் 1866ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று காத்திருக்கிறது, அதில் எந்த விலக்கும் இல்லை. வாட்ஸ்அப்பும் விளம்பரம்தான்.

இந்தப் பழக்கத்தை நாம் எங்கிருந்து கொண்டுவந்தோம் என்று உங்களுக்கே தெரியும். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியைக் கேட்காத வீட்டுக்காரரை எத்தனை பேர் பார்த்தீர்கள்? சைவம் மட்டும் என்ற பலகை எதற்கு என்று தெரியாதவர் உண்டா? அங்கே தனியார் வீட்டுக்காரரைத் தடுக்க இங்கிருப்பது போல ஒரு வீட்டுச் சம உரிமைச் சட்டம் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் வைத்திருந்த விதியை 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. லபாடி அவென்யூ உடன்படிக்கைக்கு இங்குள்ள நீதிமன்றம் கைகொடுக்க மறுத்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.

"என்ன ஆளுங்க?" என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் சைதாப்பேட்டையிலும் மேற்கு மாம்பலத்திலும் படியிறங்கியவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அவர்கள் இங்கே எடிசன் நகருக்கு வந்து, வாட்ஸ்அப் குழுவில் மறுபடி அதே வரியைப் படிக்கிறார்கள். அந்த அறிவிப்பைப் பார்த்து வீடு மறுக்கப்பட்டவர் ஓர் ஆண்டுக்குள் மத்திய வீட்டு வசதித் துறையில் புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். புகார் கொடுக்கச் செலவில்லை. நம் குழுக்களை நடத்துகிறவர்கள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் குழுவின் விதிகளில் ஒரு வரி சேர்த்து, அந்த மாதிரி அறிவிப்புகளை எடுத்துவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எந்த வார்த்தை போடலாம், எந்த வார்த்தை கூடாது என்று சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.